தடைக்காலத்து 61 நாள்: ஒரு மீனவரின் காசநோயும் எங்கள் மிஷன் கிளினிக்கும்

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டபோது, "என் பேரு போடாதீங்க டாக்டரம்மா, போட்டு (படகு) பேரும் வேணாம். மத்தபடி நான் குடிச்சதையும் சேத்தே எழுதிக்கங்க" என்றார். ஆகவே பெயர் இல்லை. கடலூர் முதுநகர் துறைமுகத்துக்கும் புதுச்சேரி எல்லைக்கும் நடுவே ஒரு குப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் தெரியாமலிருக்க ஓரிரு விவரங்களை மாற்றியிருக்கிறேன். எங்கள் தவறுகளில் கை வைக்கவில்லை.

எங்களுடையது சின்ன மிஷன் கிளினிக். இரண்டு டாக்டர்கள், நான்கு நர்ஸ்கள், ஒரு லேப், மனசு வந்தால் வேலை செய்யும் ஒரு எக்ஸ்ரே மெஷின். சபைப் பெண்கள் சிலர் களப்பணிக்கு வருவார்கள். அவர்களில் ஒருவர் அதே குப்பத்தில் பிறந்து, அங்கேயே மீன் விற்றுப் பிழைப்பவர். அவரை இங்கே 'அக்கா' என்று மட்டும் குறிப்பிடுகிறேன். ஊரில் எல்லாருக்கும் அவர் அக்காதான்.

நோயாளி

வயது 44. விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். மனைவி மீன் விற்கிறார். மாமியார், 17 வயது மகள், 11 வயது மகன். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த காங்கிரீட் வீடு, ஒரே அறை. ஜன்னல் ஒன்று இருக்கிறது, கொசுவுக்குப் பயந்து அதில் பழைய சேலையைத் திணித்து வைத்திருந்தார்கள்.

2024 பொங்கல் முடிந்த கையோடு இருமல் தொடங்கியது. ஏப்ரல் 15, திங்கட்கிழமை, எங்கள் கிளினிக்கின் எடை மெஷினில் நின்றபோது 41 கிலோ. உயரம் 163 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 15.4. முந்தின தீபாவளிக்கு எடுத்த சட்டை தோளிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. இரண்டு கணுக்காலிலும் வீக்கம். விரலால் அழுத்தினால் குழி விழுந்து நின்றது. சுகர் 340. கொடுத்த சளியை ட்ரூநாட் பரிசோதனைக்கு அனுப்பினோம். மறுநாள் முடிவு வந்தது: காசநோய்க் கிருமி இருக்கிறது, ஆனால் முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினை அது எதிர்க்கவில்லை.

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் அவர் சும்மா இருந்துவிடவில்லை.

நாலு வாசல்

முதலில் மெடிக்கல் ஷாப். இருமல் மருந்து ஒரு பாட்டில், கூட ஐந்து நாளைக்கு மாத்திரை. சீட்டு கேட்கவில்லை.

இரண்டாவது, பிப்ரவரியில், எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் கிளினிக். கடலூர்க்காரர்களுக்கு முள்ளோடையைத் தாண்டுவது ஒரு விஷயமே இல்லை. சரக்கு விலை குறைவு என்று அவர் வாரம் ஒருமுறை எப்படியும் அந்தப் பக்கம் போகிறவர்தான். அங்கே ஒரு ஊசி, ஏழு நாளைக்கு லிவோஃப்ளாக்சசின். இருமல் குறைந்தது. பத்துப் பதினைந்து நாள் நன்றாகவே இருந்தார். சிக்கலே அங்கேதான். லிவோஃப்ளாக்சசின் காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கும், ஆனால் ஒழிக்காது. நோயாளிக்கும் டாக்டருக்கும் 'சரியாகிவிட்டது' என்று தோன்றும், சளியில் கிருமி தென்படுவது தள்ளிப்போகும், கிருமி அந்த மருந்துக்குப் பழகும் வாய்ப்பும் உண்டு. அதனால்தான் 2014 மார்ச் முதல் இந்த மருந்தும் காசநோய் மருந்துகளும் ஹெச்1 அட்டவணையில் இருக்கின்றன. சீட்டில்லாமல் விற்கக் கூடாது, யாருக்கு விற்றோம் என்று தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். பதிவேடு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று தெருவில் நாலு கடை ஏறி இறங்கினால் தெரியும்.

மூன்றாவது வாசல் நாங்கள். மார்ச் முதல் வாரம். பார்த்தது நான்தான்.

அன்றைய ஓ.பி. சீட்டு இப்போதும் என் மேசையில் இருக்கிறது. 'இருமல் 6 வாரம், புகை, குடி' என்று என் கையெழுத்து. கீழே 'சுகர் 318' என்று அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறேன். சுகரைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் இருமலை விட்டுவிட்டேன். மெட்ஃபார்மின் எழுதி, பீடியை நிறுத்தச் சொல்லி, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னேன். எக்ஸ்ரே மெஷின் அன்று ஓடவில்லை. அதைக் காரணமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் சளி டப்பா கொடுக்க எக்ஸ்ரே தேவையில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளி பரிசோதனை; எங்கள் நர்சிங் மாணவிகளுக்கு முதல் வகுப்பில் நானே சொல்லிக்கொடுப்பது இது. எடையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மார்ச்சிலேயே மெஷின் சொல்லியிருக்கும்.

சுகரும் காசநோயும் சேர்ந்தே திரிபவை. சர்க்கரை நோய் இருப்பவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, நாட்டிலேயே சர்க்கரை நோய் விகிதத்தில் கோவாவுக்கு அடுத்தபடி புதுச்சேரிதான்: 26.3 சதவீதம். நாலில் ஒருவருக்கு மேல். இந்தப் பகுதியில் உட்கார்ந்துகொண்டு சுகரை மட்டும் பார்த்து அனுப்புவது, கதவைத் திறந்துவிட்டு முகத்தைப் பார்க்காமலிருப்பது மாதிரி.

கதவு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கிறிஸ்தவ மருத்துவமனைகளில் படித்த எல்லோரும், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடரின் கதையை நூறு தடவை கேட்டிருப்போம். நடந்த இடம் இங்கிருந்து ரொம்பத் தூரமில்லை, திண்டிவனம். ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டி, பிரசவ வேதனையில் இருக்கும் மனைவியைப் பார்க்கப் பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்டார்கள். அப்படி ஒருவர் இல்லாமல் மூன்று பெண்களும் விடிவதற்குள் இறந்துபோனார்கள். அந்த இரவிலிருந்துதான் வேலூர் வந்தது. எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். இவர் விஷயத்திலோ கதவு தட்டப்பட்டது, டாக்டர் உள்ளேதான் இருந்தாள், கதவையும் திறந்தாள்.

நாலாவது வாசல் ஜெபக்கூட்டம். இவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. குலதெய்வம் உண்டு, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், வருஷத்துக்கு ஒருமுறை வேளாங்கண்ணிக்கும் போவார்கள். இந்தக் கரையில் அது சகஜம். தபசு காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்கள்) பக்கத்துத் தெருவில் நடந்த சுகமளிக்கும் ஜெபத்துக்கு மனைவி கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அங்கே எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். வீட்டுக்கு வந்தவர் சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டார்.

குருத்தோலை ஞாயிறு

2024 மார்ச் 24 குருத்தோலை ஞாயிறு. அதே நாள்தான் உலகக் காசநோய் நாளும். 1882இல் ராபர்ட் கோக் கிருமியைக் கண்டுபிடித்ததை அறிவித்த நாள். எங்கள் நர்ஸ் ஒருவர் ஆராதனை முடிவில், அறிவிப்பு நேரத்தில், இரண்டு நிமிடம் பேசினார். கையில் ஒரு சளி டப்பா. "இதைப் பார்த்து அருவருப்புப்படாதீங்க. ரெண்டு வாரத்துக்கு மேல இருமுற ஆளு உங்க வீட்டுல, பக்கத்து வீட்டுல யாராச்சும் இருந்தா இதுல துப்பிக் கொடுக்கச் சொல்லுங்க, போதும்." பின் வரிசையில் சிலர் சிரித்தார்கள். குருத்தோலையை மடித்துச் சிலுவை செய்துகொண்டிருந்த பிள்ளைகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அக்கா பார்த்தார். மறுநாள் காலை மீன் ஏலத்தில் அவர் பக்கத்தில் கூடை வைத்து உட்கார்ந்தவர் இந்த நோயாளியின் மனைவி.

"ஒன் வூட்டுக்காரரு இன்னும் இருமுறாரா?"

"ராத்திரி பூரா இருமல்தான்க்கா. போட்டுல கூட இருக்கவங்களே தூங்க முடியலன்னு திட்டுறாங்களாம்."

அக்கா அன்றே டப்பாவைக் கொடுத்துவிட்டார். ஆனால் டப்பா மூன்று வாரம் வீட்டு அலமாரியிலேயே கிடந்தது. தடைக்காலம் வரப்போகிறது என்றால் அதற்கு முந்தின வாரங்களில் யாரும் கரையில் நிற்கமாட்டார்கள். கிடைப்பதை அள்ளிவிட வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் போகக் கூடாது. 14ஆம் தேதி ராத்திரி போட்டு கரைக்கு வந்தது. 15ஆம் தேதி காலையில் அக்கா அவரைக் கையோடு கூட்டி வந்தார்.

சிகிச்சை

தமிழ்நாட்டில் 2022 முதல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' இருக்கிறது. நோய் உறுதியானவுடனே யார் அபாயத்தில் இருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்ப்பது அதன் அடிப்படை. பி.எம்.ஐ. 14க்குக் கீழே, அல்லது 14க்கும் 16க்கும் நடுவே இருந்து கால் வீக்கம், மூச்சு நிமிடத்துக்கு 24க்கு மேல், ஆக்சிஜன் 94க்குக் கீழே, பிடிமானமில்லாமல் எழுந்து நிற்க முடியாத நிலை. இதில் ஒன்று இருந்தாலும் வார்டில் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதற்கு ஸ்கேன் வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம். எடை மெஷின், அளவு டேப், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், ஒரு கடிகாரம் போதும். காசநோயில் சாகிறவர்களில் பெரும்பாலோர் முதல் இரண்டு மாதத்துக்குள் போய்விடுகிறார்கள். அதனால் முதல் நாளே யாரைப் படுக்கவைப்பது என்று தெரிந்தாக வேண்டும். சமீப காலத்தில் நம் பொது சுகாதாரத் துறை செய்த வேலைகளில் எனக்கு அதிக மரியாதை உள்ளது இதன் மீதுதான்.

இவருக்கு 15.4, கூடவே கால் வீக்கம். பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். ஏப்ரல் 17 முதல் மாத்திரை. 35 முதல் 49 கிலோ வரை உள்ளவருக்குக் கூட்டு மாத்திரை தினம் மூன்று. சுகருக்கு இன்சுலின். குடியை நிறுத்தியதால் வந்த நடுக்கத்துக்கு இரண்டு நாள் தனி மருந்து. முதல் வாரம் எடை 40.2க்கு இறங்கியது. மனைவி பயந்துபோனார். கால் வீக்கம் வடிந்தால் முதலில் அப்படித்தான் இறங்கும். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று மூன்று பேர் மூன்று தடவை சொல்லியிருந்தோம். அப்படியும் நாலாவது நாள் போன் வந்தது.

காசநோய் சிகிச்சையின் முதல் கட்டமான தீவிரக் கட்டம் 56 நாள். தடைக்காலம் 61 நாள். இந்தக் கணக்கு எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. கடலுக்குப் போகிற ஒருவரை இரண்டு மாதம் விடாமல் கண் முன்னே மாத்திரை சாப்பிட வைக்க, வருஷத்தில் வேறு எப்போதும் கிடைக்காத வாய்ப்பு இது. இத்தனை வருஷம் இந்தக் கரையில் வேலை செய்தும் யாருக்கும் இது தோன்றவில்லை.

சூரை மீன்

ஐந்தாவது வாரம் அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார்.

அக்கா வீட்டுக்குப் போனபோது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "அந்த மாத்திரை வெஷம். போட்டு ஒரு மணி நேரத்துல மூஞ்சியெல்லாம் செவந்து, தல வெடிக்குது, நெஞ்சு படபடன்னு அடிக்குது. ரெண்டு வாட்டி ஆயிப்போச்சு. நான் செத்தா யாரு பதில் சொல்றது?" ஒவ்வாமை என்று நினைத்தோம். ஒவ்வாமை என்றால் ஐந்து வாரம் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன்? அரிப்பு இல்லை, காய்ச்சல் இல்லை. மஞ்சள் காமாலையோ என்று ரத்தம் எடுத்தோம், அதுவும் இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

விஷயத்தைப் பிடித்தது அக்காதான். "டாக்டரம்மா, ரெண்டு நாளும் அவங்க வூட்டுல சூரை மீன் கொழம்பு. வேற யாருக்கும் ஒண்ணும் ஆவல, இவருக்கு மட்டும்தான்."

புத்தகத்தைப் புரட்டினேன். ஐசோநியாசிட் மாத்திரை, உடலில் ஹிஸ்டமினை உடைக்கும் நொதியைத் தடுக்கிறது. சூரை, கானாங்கெளுத்தி போன்ற சதை சிவந்த மீன்கள் ஐஸ் இல்லாமல் கொஞ்ச நேரம் கிடந்தாலே அவற்றில் ஹிஸ்டமின் கூடிவிடும். கொதிக்க வைத்தாலும் போகாது. சாதாரண ஆளுக்கு அந்த அளவு ஒன்றும் செய்யாது. இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு முகம் சிவக்கும், தலை வலிக்கும், நெஞ்சு படபடக்கும். இலங்கை மருத்துவர்கள் இதை 1970களிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். காசநோயைப் பற்றி ஊர் ஊராகப் பேசியிருக்கிறேன். மீனவர் குப்பத்தில் நின்று மீனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கொடுத்த அறிவுரைத் தாளில் 'சத்தான உணவு: முட்டை, பால், மீன்' என்று அச்சடித்திருந்தது.

இப்போது தாளில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: சூரை, கானாங்கெளுத்தி ஆறு மாதம் வேண்டாம், மத்தி, சங்கரா, நெத்திலி என்றால் பிடித்த அன்றே, ஐஸில் வைத்தது மட்டும். மத்தியிலும் ஹிஸ்டமின் ஏறும், ஆனால் அதையும் தடுத்தால் இந்த வீடுகளில் புரதத்துக்கு வழியில்லை. அதனால் 'அன்றே' என்ற சொல்லை மட்டும் பெரிய எழுத்தில் போட்டோம்.

ஒன்பது நாள் விட்டுப்போனது. 56 மாத்திரை நாள் முடிய ஜூன் 11க்குப் பதில் ஜூன் 20 ஆகும். ஜூன் 15 அதிகாலை போட்டு கிளம்புகிறது. தடைக்காலம் முடிந்த முதல் பயணத்தில்தான் நல்ல பங்கு கிடைக்கும். அதை விட்டால் ஓனர் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார். மெடிக்கல் சர்டிபிகேட் அங்கே செல்லாது. அக்கா ஓனரின் அம்மாவிடம் போய்ப் பேசினார். என்ன பேசினார் என்று எனக்குச் சொல்லவில்லை. முதல் வாரம் அவர் கரையிலேயே வலை சீர் பார்க்கும் வேலை செய்வது, அரைப் பங்கு என்று முடிவானது. இரண்டாம் மாத முடிவில் சளியில் கிருமி இல்லை, எடை 45.

கடலுக்குத் திரும்பியபோது இன்சுலின் சிக்கலானது. ஐஸ் பெட்டியில் வைத்தால் உறைந்து வீணாகிவிடும், வெளியே வைத்தால் வெயில். சுகர் கட்டுக்குள் வந்திருந்ததால் மெட்ஃபார்மினுக்கு மாற்றினோம். வேறு சில சுகர் மாத்திரைகளின் வேகத்தை ரிஃபாம்பிசின் குறைத்துவிடும் என்பதால் அவற்றைத் தவிர்த்தோம். காசநோய் மாத்திரை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில், மூடியைச் சுற்றி சைக்கிள் டியூப் ரப்பர். அது அவர் கண்டுபிடிப்பு.

ஐந்தாம் மாதம் எடை 50.5. எங்கள் நர்ஸ் அதைப் பார்த்ததும் தினம் மூன்றை நான்காக்கினார். எடை பிரிவு மாறினால் மாத்திரையும் மாற வேண்டும். நிறைய இடங்களில் முதல் நாள் எடையோடு நிறுத்திவிடுவதால் இது நடப்பதில்லை.

சாப்பாடு

சென்னையில் 1956இல் தொடங்கிய ஒரு ஆய்வு உலகத்தின் காசநோய் மருத்துவத்தையே திருப்பிப் போட்டது. பாதி நோயாளிகளைத் தாம்பரம் சானடோரியத்தில் (காசநோயாளிகளைத் தங்கவைத்துப் பார்க்கும் ஆஸ்பத்திரி) சேர்த்தார்கள், மீதிப் பேர் நகரத்தின் நெரிசலான வீடுகளிலேயே மாத்திரை சாப்பிட்டார்கள். குணமானதில் பெரிய வித்தியாசமில்லை. வீட்டில் சிகிச்சை எடுத்தவர்களின் குடும்பத்துக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. 1959இல் முடிவுகள் வந்தபின் சானடோரியங்களின் காலம் முடிந்தது.

அந்தச் சானடோரியங்களில் பலவற்றைக் கட்டியது எங்கள் ஆட்கள். மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஆரோக்கியவரத்தில் பல மிஷன்கள் சேர்ந்து 1915இல் நிறுவியது ஒன்று. தாம்பரத்தில் டேவிட் சவுரிமுத்து என்ற டாக்டர் 1928இல் தொடங்கியதுதான் பிறகு அரசுக்குப் போனது. நல்ல வேலை, குறை சொல்லவில்லை. ஆனால் கட்டடத்தின் மீதான ஆசை மட்டும் எங்களிடம் அப்படியே தங்கிவிட்டது. நன்கொடை என்றதும் இன்றைக்கும் முதலில் பேச்சு வருவது புது பிளாக்குக்குத்தான்.

சென்னை ஆய்வில் வீட்டு நோயாளிகளுக்குச் சாப்பாடு மட்டமாகத்தான் இருந்தது, அப்படியும் குணமானார்கள். அதிலிருந்து 'மாத்திரை போதும், சாப்பாடு முக்கியமில்லை' என்று ஒரு எண்ணம் பல தலைமுறை டாக்டர்களுக்குள் வேரூன்றிவிட்டது. என் ஆசிரியர்களும் அப்படித்தான் சொன்னார்கள். 2023இல் வெளிவந்த ஜார்க்கண்ட் ஆய்வு அதைப் புரட்டியது. நோயாளிக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் கொடுத்தார்கள். கூட இருக்கும் குடும்பத்துக்கும் கொடுத்தார்கள். குடும்பத்தினரில் புதிதாகக் காசநோய் வருவது 39 முதல் 48 சதவீதம் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் 5 சதவீதம் எடை கூடிய நோயாளிகளுக்கு மரண அபாயம் 61 சதவீதம் குறைவு.

அரசு உதவித்தொகை அப்போது மாதம் 500 ரூபாய். 2024 நவம்பரிலிருந்துதான் 1000. 500 என்றால் நாளைக்கு 16 ரூபாய் சொச்சம், இரண்டு முட்டைக்குச் சரி. இவருக்கு வங்கிக் கணக்கில் ஏதோ இணைப்பு இல்லையென்று மூன்றாம் மாதம்தான் முதல் பணம் வந்தது. சபைப் பெண்கள் சங்கம் நிக்ஷய் மித்ராவாக (காசநோயாளிக்கு உணவு உதவி தரும் அரசுத் திட்டத் தன்னார்வலர்) பதிந்து, மாதம் ஒரு பை கொடுத்தது: அரிசி, துவரம்பருப்பு, வேர்க்கடலை, பொட்டுக்கடலை, எண்ணெய், 30 முட்டை.

முதல் மாதப் பையில் ஆலயத்தின் பெயரும் ஒரு வசனமும் அச்சிட்டிருந்தார்கள். ஊர்ப் பஞ்சாயத்தார் ஒருவர் எங்கள் ஜீப்பை நிறுத்திக் கேட்டார்: "நோயப் பாக்க வந்தீங்களா, மதம் மாத்த வந்தீங்களா?" கோபமாகக்கூட இல்லை, நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அடுத்த மாதத்திலிருந்து வெறும் மஞ்சள் பை. சபைக்குள் இதற்கு ஒரு பெரிய சண்டை. "நம்ம காசு, நம்ம பேரு போடக் கூடாதா?" என்று ஒரு மூத்த அம்மா கடைசி வரை சமாதானமாகவில்லை. என் நிலை வேறு. படுத்துக்கிடக்கிற ஆளுக்குச் சோறும் மாத்திரையும் கொடுக்கும்போது கூடவே எதையாவது நீட்டினால், அவரால் மறுக்க முடியாது. மறுக்க முடியாதவரிடம் நீட்டுவது முறையில்லை. மனைவி தானாகவே "எங்களுக்காக ஜெபம் பண்ணுங்க" என்று கேட்டபோது நர்ஸ் கையைப் பிடித்து ஜெபித்தார். அது வேறு.

ஜெபமும் மாத்திரையும்

அந்த ஜெபக்கூட்டத்து பாஸ்டரைப் பார்க்க நானும் இன்னொரு டாக்டரும் போனோம். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார். "நான் மாத்திரைய நிறுத்தச் சொல்லவே இல்லீங்க டாக்டர். நானே பி.பி. மாத்திர போடுறேன்." சரி, நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் மேடையில் சாட்சி சொன்ன இரண்டு பேர் 'மாத்திரையைத் தூக்கி எறிந்தேன், சுகமானேன்' என்று சொன்னபோது கைதட்டினார்கள். இவர் அதைத்தான் கேட்டுவிட்டு வந்தார். கூட வந்த டாக்டர், பைபிளில் எசேக்கியா ராஜாவின் ஜெபம் கேட்கப்பட்ட பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைப் புண்ணின்மேல் போடச் சொன்னதை எடுத்துச் சொன்னார். பாஸ்டர் கொஞ்ச நேரம் யோசித்தார். "கூட்டத்து முடிவுல நானே சொல்றேன், ஜெபம் பண்ணிக்கங்க, மாத்திரையும் போட்டுக்கங்கன்னு." நாங்கள் சளி டப்பா ஒரு கட்டு கொடுத்துவிட்டு வந்தோம். அடுத்த எட்டு மாதத்தில் அந்தக் கூட்டத்திலிருந்து ஒன்பது டப்பா நிரம்பி வந்தது. எங்கள் சொந்த சபையிலிருந்து வந்தது ஆறு.

போட்டு கேபின்

காசநோய் உறுதியானால் வீட்டில் உள்ளவர்களைப் பரிசோதிக்க வேண்டும். செய்தோம். மாமியாருக்கு இருமலே இல்லை, எக்ஸ்ரேயில் நிழல் இருந்தது, ட்ரூநாட் உறுதி செய்தது. 2019-21 தேசியக் கணக்கெடுப்பில் கண்டுபிடித்த நோயாளிகளில் 42.6 சதவீதம் பேர், எக்ஸ்ரே எடுக்காமலிருந்தால் தப்பிப் போயிருப்பார்கள். மாமியார் அப்படி ஒருவர். மற்ற மூவருக்கும் தடுப்பு மாத்திரை.

இதோடு ஃபைலை மூடியிருப்போம். ஜூலையில் அவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "வூட்ல எங்கம்மா தூங்குறேன், மாசத்துல இருவது நாளு போட்டுலதான்." எட்டுப் பேர், பாய் விரித்தால் தோளோடு தோள் இடிக்கும் கேபின், மழை என்றால் கதவும் மூடியிருக்கும். விதிப்படி 'உடன் வசிப்பவர்' என்றால் குடும்பம். அவரோடு நிஜமாக மூச்சுக்காற்றைப் பங்கிட்டவர்கள் மற்ற ஏழு பேர். ஐந்து பேர் பரிசோதனைக்கு வந்தார்கள், இரண்டு பேர் வரவே இல்லை. ஐந்தில் ஒருவருக்கு நோய் இருந்தது, 26 வயதுப் பையன்.

அவனுக்கு ஜூலை நடுவில் மாத்திரை தொடங்கியது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. இரண்டு நாள் கழித்து தென்பெண்ணை கரை மீறியது. அவன் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். மாத்திரை நனையவில்லை, புயல் எச்சரிக்கை வந்த அன்றே அக்கா எல்லோருடைய மாத்திரையையும் ஜிப் கவரில் போட்டுப் பரணில் ஏற்றச் சொல்லியிருந்தார். 2011 தானேயைப் பார்த்த ஊர், அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முடிவு நிலவரம்

நோயாளி அக்டோபர் 10 அன்று சிகிச்சை முடித்தார். சளியில் கிருமி இல்லை. எடை 51. சுகர் சுமார்தான். குடி முழுக்க விடவில்லை. தீபாவளிக்குக் குடித்ததாக அவரே சொன்னார். பீடியை விட்டுவிட்டார். மாமியார் அக்டோபர் கடைசியிலும், பையன் 2025 ஜனவரியிலும் முடித்தார்கள்.

இந்தியாவில் புதிய காசநோய் 2015இல் லட்சம் பேருக்கு 237 ஆக இருந்தது, 2023இல் 195 என்கிறது உலக சுகாதார நிறுவனம். குறைகிறது, ஆனால் 2025க்குள் ஒழித்துவிடலாம் என்று போட்ட இலக்குக்குப் பக்கத்தில்கூட இல்லை. இதில் எங்களைப் போன்ற சின்ன கிறிஸ்தவ கிளினிக்குகள் என்ன செய்யலாம் என்று கூட்டங்களில் கேட்கிறார்கள். மருந்து அரசிடம் இருக்கிறது, பரிசோதனை அரசிடம் இருக்கிறது, ஆராய்ச்சிக்கு ஜிப்மர் பக்கத்திலேயே இருக்கிறது. காலை ஐந்து மணிக்கு ஏலத்தில் உட்கார்ந்து யார் வீட்டுக்காரர் இருமுகிறார் என்று கேட்கும் ஆள் எங்களிடம் இருக்கிறார். அவருக்குச் சம்பளம் இல்லை, பஸ் காசு மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தோம். புது பிளாக்குக்கு வைத்திருந்த தொகையிலிருந்து 2025 ஜனவரி முதல் மாதச் சம்பளம் கொடுக்கிறோம். கமிட்டியில் நாலு பேர் கையெழுத்துப் போட மறுத்தார்கள்.

2025 ஏப்ரல் 15 காலை, துறைமுகத்தில் ஐஸ் கம்பெனி வாசலில் எடை மெஷினும் கையடக்க எக்ஸ்ரேயும் வைத்தோம். அந்த நோயாளிதான் ஆட்களை வரிசையில் நிறுத்தினார். போன வருஷம் பரிசோதனைக்கு வராத இரண்டு பேரில் ஒருவரைத் தோளில் கை போட்டுக் கூட்டி வந்திருந்தார். மற்றவர் அப்போதும் வரவில்லை. கேரளாப் பக்கம் வேறு போட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். போன் நம்பர் வாங்கி வைத்திருக்கிறோம், எடுக்கமாட்டேன் என்கிறார்.